பயணத்தில் ஆவணப்படம் எடுக்க எந்த வீடியோ கேமரா? முதலில் இரண்டு துளைகளைத் தேடுங்கள்

கேள்வி: இரண்டு மாதப் பயணம் ஒன்றுக்குத் தயாராகிறேன். வழியில் கைத்தொழில் செய்யும் முதியவர்களைச் சந்தித்து, அவர்களுடைய வேலையையும் பேச்சையும் பதிவுசெய்து, அரை மணி நேர ஆவணப்படமாகத் தொகுக்க எண்ணம். உடன் யாரும் வரவில்லை; எல்லாம் ஒரே தோள்பையில் அடங்க வேண்டும். கைப்பேசியே போதும் என்கிறார் ஒரு நண்பர். மிரர்லெஸ் கேமரா வாங்கு என்கிறார் இன்னொருவர். எனக்கோ சிறிய கேம்கார்டர் மீதுதான் கண். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் மனம் சரியான பக்கம்தான் போகிறது. தனியாளாகப் போய், ஒருவர் எதிரே உட்கார்ந்து, அவர் எப்போது வாய் திறப்பார் என்று காத்திருந்து எடுக்கும் படத்துக்குக் கேம்கார்டரைப் போல் ஒத்துழைக்கும் கருவி குறைவு. பட்டைக்குள் கை நுழைந்துவிட்டால் கட்டைவிரலில் பதிவுப் பொத்தான், ஆள்காட்டி விரலில் ஜூம். பட்டறை முழுவதும் தெரியும் காட்சியிலிருந்து நகக்கண்ணில் அப்பிய கரி வரைக்கும் ஒரே லென்ஸில் போய்வரலாம். மிரர்லெஸ் கேமராவில் அதே வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு லென்ஸ் வேண்டும். மாற்றும்போது தூசி புகும். நீங்கள் மாற்றி முடிப்பதற்குள் பெரியவர் உளியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேமராவின் முகப்பைத்தான் பார்க்கிறார்கள்: லென்ஸைச் சுற்றிப் பொறித்த எழுத்துகள், 4கே முத்திரை, ஜூம் எண். நீங்கள் அதைப் பக்கவாட்டில் திருப்புங்கள். ரப்பர் மூடியை விலக்கினால் 3.5 மி.மீ. துளைகள் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று மைக்குக்கு, மற்றது ஹெட்போனுக்கு. இவற்றில் எது இல்லாவிட்டாலும் அந்தக் கேமராவை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொல்லரைப் படம்பிடித்தேன். அவர் சட்டைக் காலரில் சிறு மைக்கைக் கோத்து, வயரைக் கேமராவில் செருகினேன். திரையில் ஒலியளவுக் கோடுகள் ஏறி இறங்கின. அது போதும் என்று ஹெட்போனைப் பையிலேயே விட்டுவிட்டேன். நாற்பது நிமிடம் பேசினார். இரவு அறையில் ஓடவிட்டுக் கேட்டபோது, கர்ரென்ற இரைச்சல், அதற்கடியில் எங்கோ ஒரு முணுமுணுப்பு. செருகி ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே நின்றிருக்கிறது. கோடுகளை ஆட்டியது பெரும்பாலும் அந்த இரைச்சல்தான். மறுநாள் திரும்பிப் போய் அதே கேள்விகளைக் கேட்டேன். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். ஆனால் ஒப்பிப்பதுபோல் சொன்னார். முதல் நாள் தன் தந்தையைப் பற்றிப் பேசும்போது சம்மட்டியை அந்தரத்தில் நிறுத்தியவர், இரண்டாம் நாள் நிறுத்தவில்லை.

ஆகவே துளைகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்த கையோடு, ஒலியளவைக் கையால் வைக்கும் வசதி மெனுவில் உண்டா என்றும் பாருங்கள். தானியங்கி முறையில், பேசுபவர் சற்றே மௌனமானால் கேமரா பதறிப்போய்ச் சுற்றுப்புற இரைச்சலை உயர்த்திவிடும். நல்ல ஆவணப்படத்தில் மௌனங்கள் அதிகம் என்பதால் இது சிறிய தொல்லை இல்லை. பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி வைத்துவிட்டால், அவர் திடீரென்று சிரித்தாலும் ஒலி உடையாது. வெட்டவெளிக்கு மைக்கின் மேல் மாட்டும் ரோம உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காற்று மைக்கில் மோதி எழுப்பும் படபடப்பைத் தொகுப்பில் சுத்தமாக நீக்க முடியாது. மேலே கைப்பிடியும், தொழில்முறை மைக்குகளுக்கான எக்ஸ்எல்ஆர் என்ற பெரிய துளைகளும், அந்த மைக்குகளுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரமும் தரும் தொழில்முறை மாடல்கள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒற்றைத் தோள்பைக்காரருக்கு அந்தக் கைப்பிடி பாரம். கழற்றி வைக்கக்கூடியதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்து லென்ஸ். விளம்பரம் பெரிய எண்ணைக் காட்டும், நீங்கள் சிறிய எண்ணைத் தேடுங்கள். 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் லென்ஸ் எத்தனை மி.மீட்டரில் தொடங்குகிறது என்பதே கேள்வி. எண் குறையக் குறையக் காட்சி அகலும். பட்டறைகள் சிறியவை. சுவரில் முதுகு ஒட்டியபின் பின்னால் போக இடமிருக்காது. 25 முதல் 27 மி.மீ. வரை தொடங்கினால் ஆளும் அவர் கருவிகளும் ஒரே சட்டகத்தில் அடங்கும். 29-இல் சமாளிக்கலாம். 30-ஐத் தாண்டினால் கதவுக்கு வெளியே நின்று எடுக்க வேண்டிவரும். ஆப்டிகல் ஜூம் 12 மடங்கோ 20 மடங்கோ, உங்கள் வேலைக்கு இரண்டுமே தாராளம். டிஜிட்டல் ஜூம் என்பது இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதற்கு எத்தனை நூறு மடங்கு என்று அச்சிட்டிருந்தாலும் கண்ணை அடுத்த வரிக்கு நகர்த்துங்கள். ஆப்டிகல் ஜூமே இல்லாமல் ‘16 மடங்கு டிஜிட்டல் ஜூம்’ என்று மட்டும் பெருமை பேசும் மலிவுக் கேம்கார்டர்கள் ஏராளம். அவற்றைவிட உங்கள் கைப்பேசி மேல்.

ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சார் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். ‘1 அங்குல’ சென்சாரின் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் கிடையாது. அதன் அளவு 13.2 × 8.8 மி.மீ. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களின் கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் பேசிய கணக்கு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறிய கேம்கார்டர்களில் இருக்கும் 1/2.5 அங்குல சென்சாரைவிட இதன் பரப்பு நாலு மடங்குக்கு மேல். அப்படியென்றால் இருட்டில் நாலு மடங்கு நன்றாக எடுக்குமா? அங்கேதான் ஒரு சிக்கல். பெரிய சென்சாருக்கேற்ற லென்ஸைக் கையடக்கமாகச் செய்ய, வெளிச்சம் நுழையும் வாயைக் குறைக்கிறார்கள். அந்த வாயின் அளவைச் சொல்லும் எஃப் எண் ஏற ஏற வாய் சிறுக்கும்: சிறிய சென்சார்க்காரர் எஃப்/2-இல் தொடங்கினால் பெரிய சென்சார்க்காரர் எஃப்/2.8-இல் தொடங்குவார். அதிலேயே பாதி வெளிச்சம் போய்விடுகிறது. மிச்சம் கிடைக்கும் ஆதாயம் உண்மையானதுதான், ஆனால் அட்டைப்பெட்டி சொல்லும் அளவுக்கு இல்லை. பதிலுக்கு எடையும் ஏறும், ஜூமும் குறையும்.

சிறிய சென்சாருக்கு இன்னொரு குணம் உண்டு. முன்னும் பின்னும் நெடுந்தூரம் கூர்மையாக இருக்கும். பின்னணி பஞ்சுபோல் மங்கிய படங்களை விரும்புகிறவர்கள் இதைக் குறை என்பார்கள். ஒரே ஆளாகக் கேள்வியும் கேட்டு ஃபோகஸையும் பார்க்க வேண்டியவருக்கு இது பெரிய உதவி: அவர் முன்னால் சாய்ந்தாலும் முகம் மங்காது.

வெயிலில் எடுப்பதானால் லென்ஸுக்குள்ளேயே என்டி ஃபில்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடி அது. வினாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரமான ஷட்டர் 1/50 வினாடியில் இருந்தால்தான் அசைவுகள் இயல்பாகத் தெரியும். உச்சிவெயிலில், ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100 என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், அந்த ஷட்டருக்குச் சரியான துவாரம் எஃப்/22 பக்கம் வரும். சிறிய சென்சாரில் எஃப்/5.6-ஐத் தாண்டினாலே ஒளி சிதறிக் கூர்மை குறையத் தொடங்கும். கேமரா என்ன செய்யும்? ஷட்டரை 1/1000-க்கு விரட்டும். சம்மட்டி இறங்குவது வெட்டி வெட்டித் தெரியும். பதினாறில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் 1/16 என்டி போட்டால் எஃப்/22 நேரே எஃப்/5.6-க்கு வந்துவிடுகிறது. உள்ளே ஃபில்டர் இல்லாத மாடல் என்றால் லென்ஸின் முன்னால் திருகும் ஃபில்டரை வாங்கலாம். ஆனால் நிழலுக்கும் வெயிலுக்கும் மாறி மாறி நடக்கையில் திருகிக்கொண்டே இருக்கப் பொறுமை வேண்டும். எனக்கு இல்லை.

அதே வெயிலில் திரையும் கண்ணாடிபோல் உங்கள் முகத்தைத்தான் காட்டும். கண்ணை ஒட்டிப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருந்தால் பிழைத்தீர்கள். கேமரா நெற்றியில் சாய்வதால் கைநடுக்கமும் குறையும்.

கார்டு, பேட்டரிக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடுங்கள். 4கே படத்தை வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும். 64 ஜிபி கார்டில் 85 நிமிடம். எழுதும் வேகத்தைக் குறிக்கும் வி30 முத்திரை உள்ள கார்டு போதும், அதற்குக் குறைந்தது வேண்டாம். இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் வசதி இருந்தால் கூடுதலாகக் கொடுத்தாவது வாங்குங்கள். பயணத்தில் திரும்பிப் போய் எடுக்க முடியாதவைதான் அதிகம். உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வாட்-மணி என்ற வரம்பைக் கண்டு பயப்பட வேண்டாம்: 7.2 வோல்ட், 3500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஏறக்குறைய 25 வாட்-மணிதான். யுஎஸ்பி வழியாக பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏறும் மாடலானால் இரண்டே பேட்டரி போதும்.

நாடு விட்டு நாடு போவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120 ஷட்டர் வைக்காவிட்டால் விளக்குகள் படத்தில் துடிக்கும். ஷட்டரைக் கையால் மாற்ற முடிகிறதா, 25-க்கும் 30-க்கும் ஃபிரேம் வேகத்தை மாற்ற முடிகிறதா என்று மெனுவைத் திறந்து பார்த்தே வாங்குங்கள். சில வீட்டு உபயோக மாடல்கள் விற்கப்படும் பகுதிக்கேற்ப ஒன்றில் பூட்டப்பட்டே வரும்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். சோனி எஃப்டிஆர்-ஏஎக்ஸ்53 (2016) சிறிய சென்சார், 26.8 மி.மீட்டரில் தொடங்கி 20 மடங்கு ஜூம். லென்ஸும் சென்சாரும் ஒரே கூண்டில் மிதப்பதால் கையில் வைத்தே எடுக்கலாம். துளைகள் இரண்டும் உண்டு, வ்யூஃபைண்டரும் உண்டு; உள்ளே என்டி கிடையாது. சோனி ஏஎக்ஸ்700 (2017) 1 அங்குல சென்சார், உள்ளே என்டி, இரண்டு கார்டு. ஆனால் 29 மி.மீட்டரில்தான் தொடங்கும். கேனான் எக்ஸ்ஏ50-உம் 1 அங்குலம்தான், 25.5 மி.மீட்டரில் தொடங்கும், எக்ஸ்எல்ஆர் கைப்பிடியைக் கழற்றலாம். பானாசோனிக் எச்சி-எக்ஸ்1500 (2020) சிறிய சென்சார், 25 மி.மீ., 24 மடங்கு, உள்ளே என்டி, இரண்டு கார்டு. உங்கள் கதைக்கு நான் இந்தக் கடைசி ஒன்றையே எடுப்பேன். எடைதான் முக்கியம் என்றால் ஏஎக்ஸ்53. எண்ணெய் விளக்கொளியிலும் இரவுத் தெருவிலும்தான் உங்கள் படம் நடக்கப்போகிறது என்றால் மட்டும் மிரர்லெஸ் சொன்ன நண்பரிடம் போய்ச் சமாதானம் பேசுங்கள். கைப்பேசி எப்படியும் சட்டைப்பையில் இருக்கிறது; வேலை செய்யும் கைகளை எதிர்ப்பக்கத்திலிருந்து எடுக்க அதை இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசிகள் வந்தபின் இந்தச் சந்தை சுருங்கிவிட்டதால், பழையது வாங்க நேரலாம். அப்படியானால் லென்ஸ் மூடியைப் போட்டு, ஒளிப்பெருக்கத்தை (மெனுவில் ‘கெயின்’) முழுதாக ஏற்றி, ஒரு நிமிடம் பதிவுசெய்து பெரிய திரையில் பாருங்கள். நகராத வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை சென்சாரின் பழுது. முழு ஜூமில் ஒரு செங்கல் சுவரை ஃபோகஸ் செய்து, கைமுறை ஃபோகஸுக்கு மாற்றி, மெல்ல அகலத்துக்கு வாருங்கள். வழியில் மங்கினால் லென்ஸ் அடி வாங்கியிருக்கிறது. கடைசியாக, ஹெட்போனைக் காதில் மாட்டி, மைக் செருகியை அதன் துளையில் இருபுறமும் லேசாக அசையுங்கள். கரகரவென்று கேட்டால் விலை எவ்வளவு இறங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.