போனஸ் பணத்தில் எந்த கன்சோல்?

பனியன் கம்பெனியில் வேலை. தீபாவளி போனஸை எடுத்து வைத்திருக்கிறேன். சோனியின் பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) வாங்கலாமா, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்கலாமா? (திருப்பூர்)

பெட்டி விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேம்தான் காசைத் தின்னும். பிஎஸ்4-க்கு அடுத்த பிஎஸ்5 வந்த 2020-இலேயே அதற்கான சோனியின் பெரிய கேம் புதிதாக 4,999 ரூபாய் வரை போனது. சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட இடமே கிடையாது. எல்லாமே டவுன்லோடு, ஆடி முடித்ததை விற்கவும் முடியாது, பங்காளிக்கு இரவல் தரவும் முடியாது. மாதச் சந்தா கட்டி நிறைய கேம் ஆடுபவருக்கு அது லாபம்தான். ஆனால் சந்தா நின்றால் அந்த கேம்களும் நின்றுவிடும்.

கை இறுக்கமாக இருப்பவருக்கு என் ஓட்டு பிஎஸ்4-க்கே. பழைய டிஸ்க் வாங்கி, ஆடி, கொஞ்சம் நட்டத்தில் விற்று, அடுத்ததை வாங்கலாம். புது ரிலீஸ் பலவும் இப்போது அதற்கு வருவதில்லை என்பது உண்மை. ஆனால் 2013-இலிருந்து சேர்ந்திருப்பதையே ஆடித் தீர்க்க முடியாது. நாளைக்கு டிஸ்க் போடும் பிஎஸ்5 வாங்கினால், இந்த டிஸ்க்குகள் ஏறக்குறைய எல்லாமே அதிலும் ஓடும்.

செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4 வாங்கப் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (ஈரோடு)

ஆன் செய்து காட்டியதும் காசைக் கொடுத்துவிடாதீர்கள். கனமான கேம் ஒன்றை அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். ஃபேன் இரைச்சல் ஏறிக்கொண்டே போனால் உள்ளே தூசி அடைத்திருக்கும், அல்லது சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். நம் பக்கம் மில், தறி, பனியன் என்று காற்றிலேயே பஞ்சு பறக்கிறது. காற்று போகும் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தம் செய்தால் சரியாகிவிடும், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

டிஸ்க்கை இரண்டு மூன்று முறை போட்டு எடுங்கள். டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ ஒயரை லேசாக அசைத்தால் படம் போகிறதா? கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். கேமில் ஆள் தானாக நடந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது. அப்புறம், உங்கள் அக்கவுண்டில் அங்கேயே லாகின் செய்யுங்கள். சோனி தடை செய்த மெஷின் என்றால் ஆன்லைனே போகாது. “ஐம்பது கேம் உள்ளேயே ஏத்தியிருக்குங்க” என்று விற்பவர் சொன்னால் அது ஜெயில்பிரேக் செய்தது, அதாவது சோனியின் பூட்டை உடைத்துத் திருட்டு கேம் ஏற்றியது. அப்படியே திரும்பி வாருங்கள்.

கரண்ட் அடிக்கடி போகிறது. மெஷின் கெட்டுவிடுமா? (கோபி)

கேமை ஹார்டு டிஸ்க்கில் சேவ் செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த சேவ் கெட வாய்ப்புண்டு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதா மோடில் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த இமைப்பொழுதில் கன்சோல் அணைந்துவிடக்கூடும். ரெஸ்ட் மோடில் (பாதி அணைந்த நிலையில்) போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், முழுசாக ஆஃப் செய்யுங்கள்.

பிஎஸ்4 இருக்கிறது. தங்கைக்கு நின்டெண்டோவின் கையடக்க கன்சோல் ஸ்விட்ச் லைட்டும் ஒன்று வாங்கட்டுமா? (பொள்ளாச்சி)

லைட்டை டிவியில் இணைக்க முடியாது, தெரிந்துகொள்ளுங்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் இங்கே இறக்குமதிச் சரக்காகத்தான் கடைக்கு வந்தது. வாரண்டி என்பது கடைக்காரர் வாக்குதான். நின்டெண்டோவின் சொந்த கேம்கள் விலை இறங்குவதும் அபூர்வம். பிஎஸ்4-க்கே இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கிக் கொடுங்கள், இருவரும் சேர்ந்து ஆடலாம்.

டெலிகிராமில் 500 ரூபாய்க்குப் பெரிய கேம் கிடைக்கிறது என்று மகன் கேட்கிறான். கொடுக்கலாமா? (கோவை)

வேண்டாங்க. அவர்கள் விற்பது கேம் அல்ல, யாரோ ஒருவரின் அக்கவுண்ட் லாகின். ஒரு அக்கவுண்டுக்கு ஒரு பிஎஸ்4-தான் பிரைமரி, அதாவது முதன்மை மெஷின். அதையே பல பேருக்கு விற்பார்கள்; மற்றவர்களுக்கு நெட் இல்லாமல் கேம் திறக்காது. விற்றவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் 500 ரூபாயும் போச்சு. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பழைய டிஸ்க் வாங்கிக் கொடுங்கள். வாங்கும் முன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கோடு பரவாயில்லை. வட்டமாக ஆழக் கீறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.