அக்கா மகனின் 2.8

மதிப்புக்குரிய ஐயா,

நியூ ஜேர்சியில் பிறந்து வளர்ந்த என் அக்காவின் மகன் சென்ற வருடம் உயிரியலில் பட்டம் முடித்தான். நாலுக்குக் கணக்கிடும் பெறுபேற்றுச் சராசரியான ஜீ.பி.ஏ. 2.8. முதல் இரண்டு வருடங்களும் அத்தான் நோயுற்றிருந்த காலம். கோடை விடுமுறையில் வேறொரு கல்லூரியில் எடுத்த சேதன இரசாயனத்தில் எஃப். பிறகு திரும்ப எடுத்து பி பெற்றான். மருத்துவம்தான் படிப்பேன் என்று நிற்கிறான். அந்த எஃப்பைக் காட்டாமல் விடலாமா என்று அக்கா இரவிரவாக அழைத்துக் கேட்கிறார். இந்த வருடமே விண்ணப்பிப்பதா, கரீபியன் தீவொன்றிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிடுவதா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

காட்டாமல் விட முடியாது. அங்குள்ள பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையாகிய அம்காஸ், ஒருவர் கோடை வகுப்புக்கு மட்டும் போன கல்லூரியின் பெறுபேற்றையும் கேட்கும். மறைத்தது பிடிபட்டால் விண்ணப்பித்த எல்லாக் கல்லூரிகளுக்கும் அது அறிவிக்கப்படும். திரும்ப எடுத்த பி பழைய எஃப்பை அழிப்பதுமில்லை, இரண்டும் சராசரியில் சேரும். எம்.டி.க்குப் பதிலாக டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் வழங்கும் ஒஸ்ரியோபதிக் கல்லூரிகளின் விண்ணப்பத்தில் முன்பு பழைய புள்ளியை நீக்கிக் கணக்கிட்டார்கள். 2017இல் அந்தச் சலுகையும் போயிற்று.

ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 120 கிரெடிட்டில் 2.8 வைத்திருப்பவர் இன்னுமொரு முழு வருடம், அதாவது 30 கிரெடிட், படித்து அத்தனையிலும் ஏ வாங்கினாலும் மொத்தம் 3.04க்குத்தான் ஏறும். அங்கு இடம் கிடைப்போரின் சராசரியோ 3.7ஐத் தாண்டுகிறது. ஆயினும் அம்காஸ் தயாரிக்கும் அட்டவணையில் ஜீ.பி.ஏ. வருடவாரியாகவும், விஞ்ஞான பாடங்களுக்குத் தனியாகவும் பிரிந்து நிற்கும். பட்டத்துக்குப் பின் படித்த அந்த 30 கிரெடிட்டும் தனி வரியில் 4.0 என்று வரும். தெரிவுக் குழுவினர் அந்த வரியில் கண்ணை நிறுத்துவார்கள். அதைச் சம்பாதிக்க ஒரு வருடம் வேண்டும் என்பதால் இந்த வருடம் விண்ணப்பிக்க வேண்டாம் என்கிறேன்.

நாம் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியோடு வாழ்கிறவர்கள். கொழும்பு கின்சி வீதி மருத்துவ பீடத்துக்குள் ஒரு பிள்ளை போவதா இல்லையா என்பதை நாலு தசமதானம் தீர்த்துவிடுகிறது. தகப்பனார் படுக்கையில் கிடந்ததை எழுத நம் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இடமே இல்லை. அதனால்தான் 2.8 என்றதும் உங்கள் அக்காவுக்கு மறைக்கவும் அவசரப்படவும் தோன்றுகிறது. அங்கே எழுத இடம் உண்டு. ஆனால் தகப்பனாரின் நோயை இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடிக்கட்டும். நீட்டினால் சாட்டுப் போலாகிவிடும்.

அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுப் பரீட்சையாகிய எம்காட்டின் புள்ளிகள் 472 முதல் 528 வரை. ஜீ.பி.ஏ. குறைந்தவர் அதில் நன்றாக உயர்ந்தாக வேண்டும். வாழ்நாளில் 7 தடவை எழுதலாம் என்றாலும் ஒவ்வொரு தடவையின் புள்ளியும் கல்லூரிகளுக்குத் தெரியும். ஆகவே ‘எழுதித்தான் பார்ப்போமே’ என்று போகக் கூடாது.

கரீபியனில் நுழைவது எளிது. நுழைந்தவர்களில் பலர் முடிப்பதில்லை, முடித்தவர்களும் வெளிநாட்டுப் பட்டதாரிகளாகவே பயிற்சி இடத்துக்குப் போட்டியிட வேண்டும். டி.ஓ. பட்டதாரிக்கோ 50 மாநிலங்களிலும் முழு மருத்துவராகத் தொழில் செய்யும் உரிமை உண்டு. எனவே அந்தக் கல்லூரிகளைக் கேட்டுப் பாராமல் தீவுக்குக் காசு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: அத்தான் தேறிய பிறகு, மூன்றாம் நான்காம் வருடங்களில் பையன் எடுத்த புள்ளிகள் என்ன? இன்றிரவு அக்கா அழைக்கும்போது கேட்டு எழுதுங்கள்.