ஏற்காட்டுச் சாலைக்கு எந்தக் கம்ப்ரஷன்?

வாசகர் கேள்வி – மோட்டார் பதில்கள்

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்து ஜிப்ஸி ஜீப்பின் 1.3 லிட்டர் என்ஜினின் சிலிண்டர்களை 74.5 மி.மீ. அளவுக்குப் போரிங் செய்து (துளையைப் பெரிதாக்கி), ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போட்டுக் கூடுதல் திறனுடன் கட்டி வருகிறேன். பிஸ்டனுடன் வந்த அட்டை, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே 0.08 மி.மீ. இடைவெளி கேட்கிறது. சேலத்து லேத் பட்டறை மேஸ்திரியோ, “அவ்வளவு விட்டால் தட்டும், 0.04 போதும்” என்கிறார். மலையில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்னும் விகிதத்தை, 11.5 வரை உயர்த்தலாமா? – வாசகர், ஏற்காடு.

பதில்: முதலில் இடைவெளியைப் பார்ப்போம். மேஸ்திரி சொல்லும் அளவு அவர் கைபழகிய வார்ப்புப் பிஸ்டனுக்குச் சரியானது. அந்த உலோகத்தில் சிலிக்கான் அதிகம், அதனால் சூட்டில் விரிவு குறைவு. உங்கள் பிஸ்டன் சிலிக்கான் மிகக் குறைந்த ஃபோர்ஜ்டு அலுமினியமாக இருந்தால் அது கூடுதலாக விரியும். அட்டை கேட்கும் 0.08 அதற்காகத்தான். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு 0.04 விட்டுக் கட்டிய ஒரு என்ஜின், ஐந்தாம் கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போதே இறுகிப் பிடித்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தபோது, பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் பின்னுக்குச் செங்குத்தான இரு பக்கங்களிலும், ஸ்கர்ட் எனப்படும் பிஸ்டனின் கீழ்ப்பகுதி நெடுகக் கீறியிருந்தது. சிலிண்டர் சுவரில் அலுமினியம் நகத்தால் சுரண்டினாலும் வராதபடி அப்பியிருந்தது. மார்கழிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடங்கள் தட்டல் கேட்கத்தான் செய்யும். சூடேறியதும் அது அடங்கிவிட்டால் கவலை வேண்டாம்.

அளக்கும் முறையிலும் கவனம் தேவை. பிஸ்டனை, பின்னுக்குச் செங்குத்தாக, அட்டை குறிப்பிடும் உயரத்தில் மட்டுமே மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், இரண்டு திசைகளில் போர் கேஜால் (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி) அளக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து பிஸ்டனை எடுத்து வந்து, நிழலில் குளிர்ந்து கிடக்கும் பிளாக்குடன் (சிலிண்டர்கள் உள்ள என்ஜின் உடல்) உடனே ஒப்பிடாதீர்கள். 20 டிகிரி வேறுபாட்டுக்கே இந்த அளவுப் பிஸ்டன் சுமார் 0.03 மி.மீ. விரியும், நீங்கள் தேடும் இடைவெளியில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இரண்டையும் ஓரிரவு பட்டறையிலேயே ஒன்றாக வைத்துவிட்டுக் காலையில் அளப்பதே நல்லது.

இனிக் கம்ப்ரஷன். ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதும், அதனால் அங்கே நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடித்து எரிவது) குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் வண்டி ஏற்காட்டிலேயே நின்றுவிடுவதில்லை. சித்திரை வெயிலில், சேலத்தில் சுமை ஏற்றிக்கொண்டு, அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக் குறைந்த வேகத்தில் ஏறும்போது, என்ஜினுக்குள் போகும் காற்று அடர்த்தியாகவும் சூடாகவும் இருக்கும். ரேடியேட்டருக்குக் காற்றோட்டமும் குறைவு. நாக்கிங் பிறப்பது அங்கேதான். எனவே மலையுச்சிக்காக அல்ல, அடிவாரத்துக்காகக் கட்டுங்கள். வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்டை மாற்றவில்லை என்றால் 10.5க்கு மேல் போக வேண்டாம் என்பதே என் கருத்து. கலவையை உள்ளே விடும் உள்வால்வு தாமதமாக மூடும் கேம் போட்டால், குறைந்த வேகத்தில் உண்மையில் அழுத்தப்படும் காற்று குறைவதால், சற்றுக் கூட்டலாம்.

அட்டையில் அச்சிட்ட கம்ப்ரஷன் எண்ணை நம்பிக் கட்டாதீர்கள். சிலிண்டர்களை மேலே மூடும் உங்கள் ஹெட் முன்பே எத்தனை முறை சீவப்பட்டதோ, அது அட்டைக்குத் தெரியாது. 74.5 மி.மீ. துளையும் 75.5 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உள்ள ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 329 சி.சி. 10.5க்கு, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மீந்திருக்க வேண்டிய இடம் 34.6 சி.சி.; 11.5க்கு 31.3 சி.சி. வித்தியாசம் ஒரு தேக்கரண்டிகூட இல்லை. ஆகவே ஹெட்டைக் கவிழ்த்து, விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட, கண்ணாடிபோன்ற தடித்த பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி, சாயம் கலந்த மண்ணெண்ணெயைப் பியூரெட்டிலிருந்து (அளவு குறித்த கண்ணாடிக் குழாய்) சொட்டுச் சொட்டாக விட்டு, நான்கு குழிகளையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். அதனுடன், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே வைத்து அழுந்திய கேஸ்கெட்டின் அளவையும் பிஸ்டன் தலையின் மேடு பள்ளத்தையும் கணக்கில் சேருங்கள்.

கம்ப்ரஷன் கூடிப்போனால், தடித்த கேஸ்கெட் போட்டுக் குறைப்பதுதான் பட்டறைகளில் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையே சுமார் 1 மி.மீ. மட்டுமே இருந்தால்தான், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கலவை பிதுங்கி நடுவில் சுழன்று சீக்கிரம் எரியும். அந்த இடைவெளி விரிந்தால், கம்ப்ரஷன் குறைந்த பிறகும் நாக்கிங் நீடிப்பதைப் பார்த்திருக்கிறேன். குறைக்க வேண்டியதை ஹெட்டின் குழியிலும் பிஸ்டன் தலையிலும் சீராகச் செதுக்கி எடுங்கள். பிஸ்டனில் எவ்வளவு தடிமன் மிச்சம் என்று அளந்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி: ஹெட்டைச் சீவிய பிறகு வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று எப்படிப் பார்ப்பது? – வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை வைத்து, வால்வில் ஒட்டாதிருக்க எண்ணெய் தடவி, கேஸ்கெட்டுடன் ஹெட்டை முறுக்கி, கேம் டைமிங்கைச் சரியாக வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிறகு ஹெட்டைத் தூக்கி, வால்வு பதிந்த இடத்தைப் பிளேடால் வெட்டித் தடிமனை அளங்கள். உள்வால்வுக்கு 2 மி.மீ., சூட்டில் நீளும் வெளிவால்வுக்கு 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதியாக மூடலாம்.