கெத்துபா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொச்சி யூதர்களைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்த துணிச்சலில் இதைக் கேட்கிறேன். சிகாகோவில் என்னோடு படித்து, பல ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்த தோழிக்கு வரும் அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை இரவு கல்யாணம். இருவரும் யூதர்கள். அவள் குடும்பம் மரபில் தளர்வான சீர்திருத்தப் பிரிவு, மாப்பிள்ளை வீட்டார் மரபை அதைவிட அதிகம் பேணும் கன்சர்வேட்டிவ் பிரிவு. கெத்துபா என்ற திருமண ஒப்பந்தத்தை நண்பர்கள் சேர்ந்து பரிசாகக் கொடுப்பதாக முடிவாகி, தேர்வு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. மாதுளை, மரம், எருசலேம் நகரம், லேசரில் வெட்டிய காகிதம் என்று ஒவ்வொன்றும் அழகு. ஆனால் பழைய வாசகத்தின் மொழிபெயர்ப்பைப் படித்துத் திகைத்துவிட்டேன். மணமகன் மணமகளுக்கு 200 வெள்ளிக்காசு தருவதாக எழுதியிருக்கிறது. இது பெண்ணுக்கு விலை பேசுவது இல்லையா? இதைச் சுவரில் மாட்டிவைக்க இந்தக் காலத்துப் பெண் எப்படிச் சம்மதிப்பாள்? எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

எஸ்., சிகாகோ

அன்புள்ள எஸ்.,

மாதுளையையும் மரத்தையும் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். கெத்துபாவில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது வாசகம். ஓவியம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், திருமணத்தை நடத்தும் ராபி, அதாவது யூத மதகுரு, வாசகத்தை ஏற்கவில்லை என்றால் அன்றைக்கு அந்தத் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் திகைத்த இடத்துக்கு வருகிறேன். அந்தப் பணம் பெண்ணின் தகப்பனாருக்குப் போவதில்லை. கல்யாணத்தன்று கைமாறுவதும் இல்லை. கணவன் மணவிலக்குச் செய்தாலோ இறந்துபோனாலோ மனைவிக்குச் சேர வேண்டிய தொகை அது. முதல் திருமணம் என்றால் 200 சூஸ் (நீங்கள் சொன்ன அந்த வெள்ளிக்காசு), விதவைக்கும் மணவிலக்கானவருக்கும் 100. கையில் 200 சூஸ் உள்ளவர், ஏழைகளுக்காக வயலில் விட்டுவைக்கும் கதிரைப் பொறுக்கக் கூடாது என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. ஓராண்டு பிழைப்புக்கு அது போதும் என்பது அதற்குச் சொல்லப்படும் கணக்கு. ஒரு காலத்தில் இந்தத் தொகையைத் தனியே எடுத்துவைத்திருந்தார்கள். கணவனுக்குக் கோபம் வந்தால் ‘உன் பணத்தை எடுத்துக்கொண்டு போ’ என்று சொல்வது சுலபமாக இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் சிமியோன் பென் ஷெத்தாக் என்ற அறிஞர் கணவனின் சொத்து முழுவதையும் இதற்குப் பிணையாக்கி விதி செய்தார். அரமேயம் என்ற பழைய மொழியில் உள்ள வாசகத்தில் இன்றும் அது இருக்கிறது: என் தோளில் கிடக்கும் மேலாடை வரைக்கும் இந்தக் கடனுக்குப் பொறுப்பு என்று மணமகன் ஒப்புக்கொள்கிறான். உற்றார் உறவினர் நடுவே, திருமணப் பந்தலின் கீழ் இது உரக்க வாசிக்கப்படுகிறது. கைவிடப்படக்கூடிய ஒரு பெண்ணைக் காப்பதற்காக இவ்வளவு கறாராக எழுதப்பட்ட பழைய ஆவணங்கள் அதிகமில்லை. அதை வெறும் சடங்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் உங்கள் சங்கடம் நியாயமானதே. பழைய வாசகம் ஒருபக்கமானது. எழுதிக் கொடுப்பவன் அவன். அவள் சம்மதித்தாள் என்ற குறிப்புதான் உண்டு. மணமகள் கன்னியா, விதவையா, மணவிலக்கானவளா என்று பெயரோடு சேர்த்தே எழுதுகிறார்கள். இது வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அவள் மரபை அவமதிக்கிறாள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் மரபே ஒன்றுபோல இருந்ததில்லை. எகிப்தில் நைல் நதியின் எலிஃபன்டைன் தீவில் வாழ்ந்த யூதக் குடியிருப்பில், கி.மு. 449இல் அனனியா என்பவரும் தாமுத் என்ற அடிமைப் பெண்ணும் செய்துகொண்ட திருமண ஒப்பந்தம் பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. இப்போது புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சபையில் எழுந்து நின்று ‘வெறுக்கிறேன்’ என்று சொல்லி மணத்தை முறிக்கும் உரிமை அதில் இருவருக்கும் இருக்கிறது, தாமுத்துக்கும்கூட.

இன்றைக்குக் கிடைக்கும் வாசகங்கள் பலவகை. மரபை விடாமல் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவுக்கு முழு அரமேயத்தில் ஒரு வாசகம். ஹீப்ருவிலும் ஆங்கிலத்திலும் இருவரும் ஒரேமாதிரி வாக்களிக்கும் சமத்துவ வாசகம். கலப்பு மணத்துக்கும் ஒருபால் இணையருக்கும் தனித்தனி வாசகங்கள். ரேச்சல் ஆட்லர் என்ற இறையியலாளர் 1990களில் ‘பிரித் அகுவீம்’ (காதலர் உடன்படிக்கை) என்ற மாற்றையே முன்வைத்தார். அது யூதச் சட்டத்தின் கூட்டுவணிக விதிகளிலிருந்து எழுந்தது. இருவரும் தங்களுக்கு அருமையான ஒவ்வொரு பொருளை ஒரு பைக்குள் போட்டுச் சேர்ந்து தூக்குகிறார்கள், பங்காளிகள் முதலைப் பொதுவில் வைப்பதுபோல.

உங்கள் தோழியின் கல்யாணத்தில் முடிவைத் தீர்மானிப்பது எந்தப் பிரிவின் ராபி நடத்துகிறார் என்பதுதான். கன்சர்வேட்டிவ் ராபி என்றால் அநேகமாக அரமேய வாசகத்தோடு லீபர்மன் ஷரத்தும் வேண்டும் என்பார். யூதச் சட்டப்படி மணவிலக்குப் பத்திரத்தைக் கணவன்தான் கொடுக்க வேண்டும். அவன் மறுத்தால் அவள் மறுமணம் செய்ய முடியாமல் கட்டுண்டு கிடப்பாள். இந்தக் கொடுமைக்குப் பரிகாரமாக, பிரிவு வந்தால் இருவரும் சமய நீதிமன்றத்துக்கு வருவோம் என்ற உறுதியை சால் லீபர்மன் என்ற அறிஞர் 1950களில் கெத்துபாவிலேயே சேர்த்தார். 1983இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச நீதிமன்றமே இப்படி ஒரு கெத்துபாவிலிருந்த உறுதி கணவனைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. பூவேலைப்பாட்டுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிறிய எழுத்துகள் நாளைக்கு ஒருத்தியின் வாழ்க்கையைத் தீர்மானிக்கலாம். ஆகவே உங்கள் தோழியை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். வாசகத்தைத் தேர்வு செய்வதை அவளும் மாப்பிள்ளையும் செய்யட்டும், அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இனி ஓவியம். இது உங்கள் பங்கு, தயங்காமல் இறங்குங்கள். ஜெர்மனி, போலந்துப் பக்கத்து யூதர்கள் பெரும்பாலும் அலங்காரமில்லாத தாளிலேயே எழுதினார்கள். வியன்னாவின் தேசிய நூலகத்தில் இருக்கும் 14ஆம் நூற்றாண்டு கெத்துபா, ஆஸ்திரியாவின் கிரெம்ஸ் ஊரைச் சேர்ந்தது, அரிய விதிவிலக்கு. அதில் மணமகன் மோதிரத்தை நீட்டி நிற்கிறான், எதிரே மணமகள். இத்தாலியில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் தோல்தாளில் பொன்னும் வண்ணமுமாக, ராசி மண்டலமும் விவிலியக் காட்சிகளும் தீட்டி, செலவு கைமீறியதால் சமூகத் தலைவர்களே உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று. எனக்கு மிகவும் பிடித்தவை ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்தவை. எதிரெதிரே இரண்டு சிங்கங்கள், ஒவ்வொன்றின் முதுகுக்குப் பின்னாலும் முகத்தோடு எழும் சூரியன். அது அன்றைய பாரசீக அரசின் சின்னம். அதைத் தயக்கமின்றித் தங்கள் கல்யாணப் பத்திரத்தில் வரைந்துகொண்டார்கள். கொச்சியில் பூக்கொடிகள் ஓரத்தில் சுற்றியோடும். ஆக, எல்லாரும் தாங்கள் வாழ்ந்த ஊரையே வரைந்தார்கள். அச்சிட்ட எருசலேம் படத்தை வாங்குவதைவிட, இரண்டு குடும்பங்களும் எங்கிருந்து வந்தன, இவர்கள் எங்கே சந்தித்தார்கள் என்று கேட்டு வரையச் சொல்லலாம். உங்கள் சிகாகோவின் மிச்சிகன் ஏரி வரட்டுமே. 1960களின் இறுதியில் டேவிட் மாஸ் போன்ற ஓவியர்கள் இந்தக் கலைக்குத் திரும்ப உயிர்கொடுத்ததும் அப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியே வரைந்துதான். நண்பர்கள் சேர்ந்து கொடுப்பதால் கையால் எழுதியதையே வாங்கப் பாருங்கள். எழுத்தை விழுங்கிவிடும் ஓவியம் வேண்டாம்.

சில நுணுக்கங்கள் இருக்கின்றன, இவற்றில்தான் கடைசி நேரத்தில் தவறுவார்கள். யூத நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. அழைப்பிதழில் சனிக்கிழமை என்றிருந்தாலும் இரவுக் கல்யாணத்துக்கு கெத்துபாவில் வாரத்தின் முதல் நாள், அதாவது ஞாயிறு, என்று வரும்; ஹீப்ருத் தேதியும் அடுத்த நாளுடையது. இருவரின் ஹீப்ருப் பெயர்களும் பெற்றோர் பெயர்களும் எழுத்துப் பிழையில்லாமல் வேண்டும், பாட்டி தாத்தாவிடம் கேட்டாவது வாங்கிவிடுங்கள். சாட்சிகள் இருவர் மணமக்களுக்கோ தங்களுக்குள்ளோ உறவாக இருக்கக் கூடாது. நீங்கள் யூதர் இல்லாததால் அந்த இரண்டு வரிகளில் கையெழுத்திட முடியாது. நண்பர்களுக்கென்று கீழே தனி வரி விடலாமா என்று ராபியைக் கேளுங்கள், சிலர் சம்மதிப்பார்கள்.

கையால் எழுதுபவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். ஒப்பந்தம் நிறைவேறியது என்பதைச் சொல்லும் கடைசிப் பகுதியில் ஒரு சொல்லின் ‘கோஃப்’ என்ற எழுத்துக்குக் காலை வரையாமல் விடுவது பலரின் வழக்கம். அன்று மாப்பிள்ளை ராபியிடமிருந்து ஒரு கைக்குட்டையைப் பிடித்துத் தூக்கிக் கடமையை ஏற்ற பிறகு, சாட்சிகள் பார்க்க அந்தக் கால் வரையப்படும். அதற்கு மங்காத நிறமி மை கொண்ட பேனா தேவை. தோல்தாளில் ஜெல் பேனா ஈஷிவிடும். முன்கூட்டியே அதே வகைத் தாளின் துண்டில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டம் போடும்போது தாள் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவே அட்டை வேண்டும், மாட்டும் சுவரில் வெயில் படக் கூடாது. கெத்துபா தொலைந்தால் பதிலுக்கு வேறொன்று எழுதும்வரை தம்பதி சேர்ந்து வாழக் கூடாது என்பது மரபு. அதனால் கட்டுப்பாடான குடும்பங்களில் சாதாரணத் தாளில் ஒன்றில் கையெழுத்திட்டுப் பத்திரப்படுத்திவிட்டு, ஓவியத்தை மட்டும் சுவரில் மாட்டுகிறவர்களும் உண்டு.

கையால் எழுதித் தீட்ட மாதக்கணக்கில் ஆகும். இந்த வாரமே ராபி யார் என்று கேட்டு, வாசகத்துக்கு அவருடைய ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிட்டு, அதன்பின் ஓவியரிடம் போங்கள். மணமக்களுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.