பாதிக்குப் பேசி முடிக்கிறோம் என்பவரிடம் முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் மணகோலம், தேன்குழல், அதிரசம் செய்து விற்கிறேன். தனிநபர் கடன் 3 லட்சம், கிரெடிட் கார்டு பாக்கி 90,000, மகளிர் குழுவில் வாங்கிய மைக்ரோ பைனான்ஸ் 50,000. எதிலும் கணவர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு ‘கடன் தீர்வு’ ஏஜென்சி 18,000 ரூபாய் முன்பணம் கேட்கிறது. நான்கு மாதம் தவணை கட்ட வேண்டாம், பாதிக்குப் பேசி முடிக்கிறோம் என்கிறார்கள். கணவரின் பூர்வீக வீட்டுப் பங்குக்கு ஆபத்து வருமா?

பதில்: அந்த 18,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள், சகோதரி. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். பாதிக்கு முடித்தாலும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ (முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது) என்றே பதிவாகும். நவராத்திரி, தீபாவளி ஆர்டருக்குச் சரக்கு வாங்க அடுத்த கடன் கிடைப்பது கடினம். கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினால், காசோலை திரும்பியதைப் போலவே குற்ற வழக்குத் தொடர முடியும். குழுக் கடனில் நீங்கள் நிறுத்தினால் நெருக்கடி மற்ற பெண்களுக்குப் போகும்.

வீட்டைப் பற்றிய பயம் வேண்டாம். இவை அடமானமில்லாக் கடன்கள். வங்கி உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினாலும் உங்கள் சொத்தைத்தான் ஜப்தி செய்யலாம். கணவர் பங்கைத் தொட முடியாது. பணத் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்ணைக் கைது செய்யவும் முடியாது (உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 56). காசோலை வழக்கு மட்டும் வேறு. ஆகவே ‘எல்லாக் கடனையும் ஒன்றாக்கித் தருகிறோம்’ என்று யார் வந்தாலும் வீட்டுப் பங்கை எழுதிக் கொடுக்காதீர்கள். பங்காளிகள் கையெழுத்தில்லாத பொது வீட்டை வங்கிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஏற்பவர் பெரும்பாலும் வட்டிக்காரராகத்தான் இருப்பார்.

மாவட்ட முன்னோடி வங்கியின் நிதிசார் கல்வி மையத்துக்குப் போங்கள், ஆலோசனை இலவசம். உங்கள் வங்கிக் கிளையிலேயே முகவரி கேட்கலாம். மூன்று கடன்களின் கணக்கு அறிக்கை, ஆறு மாத வங்கிப் பரிவர்த்தனை, சிபில் அறிக்கை (ஆண்டுக்கு ஒருமுறை இலவசம்), ஒரு மாத வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கணக்கில் எண்ணெய், அரிசி, கேஸ் செலவைத் தனியாக எழுதுங்கள். வியாபார முதலைத் தவணைக்கு எடுத்துவிட்டு அடுத்த வாரம் கைமாற்று வாங்குவதில்தான் பலர் சிக்குகிறார்கள்.

ஆலோசகர் வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது. திட்டம் போட்டுத் தருவார். அதை வைத்து நீங்கள் வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கார்டின் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 36 முதல் 42 சதவீதம். முதலில் அதை நிறுத்தச் சொல்லி, பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றக் கேளுங்கள். பெரிய கடனுக்குத் தவணைக் காலத்தை நீட்டக் கேளுங்கள். 3 லட்சம், 16 சதவீத வட்டி என்றால் 24 மாதத்துக்குத் தவணை சுமார் 14,690. 48 மாதமானால் 8,500. ஆனால் மொத்த வட்டி 52,500லிருந்து 1,08,000 ஆகிவிடும். மறுசீரமைப்பும் சிபிலில் பதிவாகும். எனவே மூச்சு வாங்கத் தேவையான அளவுக்கு மட்டும் நீட்டுங்கள். வாய்மொழி ஒப்புதலை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வங்கிக் கடிதம் கைக்கு வர வேண்டும்.

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மைக்ரோ பைனான்ஸுக்கு 9 முதல் 6 வரைதான். மீறினால் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக எழுதலாம், விவரத்துக்கு 14448. அந்தப் புகாரை உங்கள் பெயரிலேயே போடுங்கள். வழக்கறிஞர் மூலம் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள்.