உடன் வேலை செய்பவர்களிடமும் நண்பர்களிடமும் கிறிஸ்தவ விசுவாசத்தை உண்மையாக வாழ்ந்து, எரிச்சலூட்டாமல் பகிர்வது எப்படி?

நீங்கள் தினமும் காலையில் ஒரு வசனப் படத்தைக் குழுவில் போட்டுவிட்டு, ஏன் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று யோசிக்கிறவராக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் முதலில் அதை நிறுத்துங்கள். வசனத்தில் குறையில்லை. கேட்காதவருக்குத் தினமும் அனுப்புவதை அவர் சீக்கிரமே படிக்காமல் தள்ளிவிடப் பழகிவிடுவார். அதிலும் எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். பரீட்சை எழுதுகிறவர், வேலை தேடுகிறவர், கல்யாணத்துக்குக் காத்திருக்கிறவர் என எல்லாருக்கும் அது போகிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-ம் இப்படித்தான் அடிபடுகிறது. அதற்கு முன்னால் பவுல் பேசுவது பட்டினியையும் குறைச்சலையும் பற்றி. இவற்றை வெற்றிக்கான உத்தரவாதமாகக் கொடுத்துவிட்டால், அந்த வேலை கிடைக்காத நாளில் அவர் உங்களை மட்டுமல்ல, வேதத்தையும் சேர்த்தே தள்ளிவைப்பார்.

விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு (1 பேதுரு 3:15). அப்படியானால் ஒருவருக்குக் கேட்கத் தோன்றும்படி வாழ்வதுதான் முதல் வேலை. அது பெரும்பாலும் காசு விஷயத்திலும் மன்னிப்பு விஷயத்திலும்தான் தெரியும். செலவுக் கணக்கில் கூட்டி எழுதாமல் இருப்பது. அடுத்தவர் செய்த வேலையை மேலதிகாரியிடம் அவர் பெயரிலேயே சொல்வது. தப்பு செய்துவிட்டால், "ஆனா நீங்களும்…" என்று இழுக்காமல் மன்னிப்புக் கேட்டு, நஷ்டத்தையும் ஈடுகட்டுவது. வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயு மனம் மாறியதை ஊர் அறிந்தது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னதில்தான்.

கேட்கும்போது சொல்லத் தயாராக இருக்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் சாட்சியை, அதாவது நீங்கள் விசுவாசத்துக்கு வந்த கதையை, ஒரு தாளில் எழுதி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அப்போஸ்தலர் 26-இல் அகிரிப்பா ராஜாவுக்கு முன் பவுல் பேசிய வரிசை நல்ல மாதிரி: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன செய்கிறேன். இதில் வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. கதை எடுபடட்டும் என்று பழைய வாழ்க்கையை இருந்ததைவிட மோசமாகக் காட்டுவது ஒன்று, அது பொய். பெற்றோர், கணவன், மனைவி பற்றிய ரகசியத்தை உடைப்பது இன்னொன்று; அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. மிக முக்கியமானது, எல்லாம் தீர்ந்துவிட்டது என்று முடிப்பது. இன்னும் பதில் வராத ஜெபம் ஒன்று இருந்தால் அதையும் சொல்லுங்கள். கேட்பவரிடமும் அப்படி ஒன்று இருக்கும். அங்கே தேசாதிபதி பெஸ்து நடுவில் புகுந்து பிதற்றுகிறாய் என்று சத்தமிட்டபோதும், பவுல் "கனம்பொருந்திய பெஸ்துவே" என்றுதான் பதில் சொன்னார். குறுக்கே பேசுகிறவருக்கு உங்கள் குரலும் அப்படியே இருக்கட்டும்.

இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால், வாதத்தில் இறங்காமல் மாற்கு சுவிசேஷத்தைச் சேர்ந்து படியுங்கள். 16 அதிகாரம்தான், நாலு சுவிசேஷங்களில் சிறியது. ஒரு தடவைக்கு ஒரு சம்பவம் போதும். 4:35-41, கடலை அமர்த்திய பகுதி, ஆரம்பிக்க ஏற்றது. சீஷர்களே "இவர் யாரோ" என்று கேட்பதோடு முடிகிறது. படித்ததும் மூன்றே கேள்விகள்: இங்கே என்ன நடக்கிறது? எது வித்தியாசமாகப் பட்டது? எதை ஏற்க முடியவில்லை? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கேட்டவரே பதிலையும் சொல்லி, அங்கிருந்து ரோமர், ஏசாயா என்று தாவும்போதுதான் இந்தப் படிப்பு செத்துப்போகிறது. மாற்கு 16:9-20 மிகப் பழைய முழுக் கையெழுத்துப் பிரதிகளான சீனாய், வத்திக்கான் சுவடிகளில் இல்லை. கூர்மையான ஒருவர் அதைக் கட்டாயம் கேட்பார். முன்பே தெரிந்துவைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மழுப்பினால் அதற்கு முந்தின 15 அதிகாரங்களையும் சந்தேகிப்பார்.

துக்க வீட்டில் விளக்கமே வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரிடமும், உங்களிடம் மார்க்கோ சம்பளமோ சிகிச்சையோ எதிர்பார்த்து நிற்கிறவரிடமும் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவரால் சுதந்திரமாக மறுக்க முடியாது. உதவி செய்தால் அதோடு விடுங்கள். சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான்; மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், ஆனால் அவர்களுடைய சுகத்தைப் பறித்துக்கொள்ளவில்லை.

இது கோழைத்தனமான சுவிசேஷம், "சமயம் வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும்" பிரசங்கிக்கச் சொல்லியிருக்கிறதே என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதுவீர்கள். 2 தீமோத்தேயு 4:2-ஐ முழுதாகப் படியுங்கள். அதே வசனத்தில் "எல்லா நீடிய சாந்தத்தோடும்" என்றும் இருக்கிறது. தெருவில் நின்று பேசுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் பக்கத்து மேஜையில் உட்காரும் ஒருவரிடம் பேசுவதைப் பற்றித்தான் கேள்வி. பணக்கார வாலிபனைப் பார்த்து இயேசு அன்புகூர்ந்தார், உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றார். ஆனாலும் அவன் துக்கத்தோடு போனபோது, அந்த நிபந்தனையைக் குறைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடவில்லை. வேண்டாம் என்றவரோடு மறுநாளும் வழக்கம்போலப் பேசுங்கள், சாப்பிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. "இத்தனை மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை, உடனே ஜெபியுங்கள்" என்ற செய்தி வருஷா வருஷம் சபைக் குழுக்களில் சுற்றுகிறது. தேதி இல்லை, எந்த அமைப்பு என்று இல்லை, எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. ஜெபத்துக்குத்தானே என்கிறார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையில் ஜெபக் குறிப்புக்கு விலக்கு எதுவும் எழுதியில்லை. நண்பர் தனியாகச் சொன்ன வேதனை சாயங்காலத்துக்குள் பெயரோடு ஜெபக் குழுவில் வருவதும் இதே ரகம்தான். அவர் அனுமதி இல்லாமல் பெயரையோ நோயையோ போடாதீர்கள். பொய்ச் செய்தியை ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அழித்தால் மட்டும் போதாது. அதே குழுவில், "நான் அனுப்பியது உண்மையில்லை, யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்" என்று எழுதுங்கள்.