‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு: ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்களைக் கற்கும் வழி

கேள்வி: அலுவலகத்தில் ஆங்கில மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் பணியில் இருக்கிறேன். ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் தொடர்களின் பட்டியல் ஒன்றை இரண்டு மாதமாக மனப்பாடம் செய்தும், கூட்டம் ‘கால்டு ஆஃப்’ என்று வந்த செய்தியைத் தள்ளிவைப்பு என்று புரிந்துகொண்டு, புதிய தேதிக்காகக் காத்திருந்தேன். இவற்றைக் கற்க வேறு வழி உண்டா?

பதில்: உங்களுக்கு நேர்ந்த தடுமாற்றம் மிகப் பழமையானது. வினைச்சொல்லின் பின்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கமே அயல்மொழியினருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு என்று, 1755-இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் குறிப்பிட்டார். ஆயினும் தமிழ் பேசுபவருக்கு இது முற்றிலும் புதிய வழக்கமன்று. ‘போடு’ என்பதன் பொருளை மட்டும் அறிந்தவரால் ‘தள்ளிப்போடு’ என்பதைப் புரிந்துகொள்ள இயலாது; ‘கைவிடு’ என்னும்போது நாம் யாரும் கையை நினைப்பதில்லை. ‘புட் ஆஃப்’ என்பது தள்ளிப்போடுதல். அந்தக் கூட்டம் வேறொரு நாளில் நடக்கும். ‘கால் ஆஃப்’ என்பது கைவிடுதல். அந்தக் கூட்டம் நடக்கவே நடக்காது.

ஆகவே, பட்டியலை வினைச்சொல் வாரியாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, பின்னால் வரும் சிறு சொல்லின்படி பிரித்து எழுதுங்கள். ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’, ‘டிரிங்க் அப்’ ஆகிய மூன்றிலும் ‘அப்’ என்பது மேலே என்னும் பொருளில் வரவில்லை. ‘தின்று தீர்த்தான்’ என்பதில் ‘தீர்’ செய்யும் வேலையை, அதாவது மிச்சமின்றி முடிந்தது என்று காட்டும் வேலையை, அது செய்கிறது. ‘கட் ஆஃப்’, ‘சுவிட்ச் ஆஃப்’ போன்றவற்றில் ‘ஆஃப்’ துண்டிப்பைக் காட்டுகிறது. இவ்விளக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். முயற்சியைக் கைவிடுவதைக் குறிக்கும் ‘கிவ் அப்’ போன்றவற்றைத் தனித்தனியாகத்தான் பழக வேண்டும்.

நம்மவர் மிகுதியாகத் தவறுவது சொல்வரிசையில்தான். ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரியே; ஆனால் கூட்டத்தை ‘இட்’ என்று சுட்டினால் ‘புட் இட் ஆஃப்’ என்று நடுவில் வைப்பது மட்டுமே சரி. கவனித்துக்கொள்வதைக் குறிக்கும் ‘லுக் ஆஃப்டர்’ இதற்கு நேர்மாறு. ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றுதான் வரும், இடையில் எதுவும் புகாது. எனவே குறிப்பேட்டில் ஒவ்வொன்றையும் ‘இட்’ சேர்த்தே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘புட் இட் ஆஃப்’ என்பதில் அழுத்தம் ‘ஆஃப்’ மீது விழுவதைக் காதே காட்டிக்கொடுக்கும்.

முறையான கடிதங்களில் ‘போஸ்ட்போன்’ என்று எழுதுவது பொருத்தம். பேச்சில் ‘தள்ளிப்போடு’ என்பதை அறிவிப்பில் ‘ஒத்திவை’ என்று நாம் எழுதுவது போன்றதே இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘2018-இல் பாஸ் அவுட்’ என்று இந்தியாவில் படிப்பு முடித்ததைக் குறிக்கிறோம். பிரிட்டனில் படைப்பயிற்சி முடிப்பவரைக் குறிக்க இச்சொல் வழங்கினாலும், அங்கும் அமெரிக்காவிலும் அன்றாடப் பேச்சில் இதற்கு மயங்கி விழுதல் என்றே பொருள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது ‘கிராஜுவேட்டட்’ என்றே எழுதுங்கள்.